அம்மா மூச்சை மிச்சம் பிடிக்கிறாள்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து தூறல். பள்ளிக்கு லீவு. ஆஸ்பத்திரி மூன்றாம் மாடி, நீல நாற்காலி வரிசை. அப்பா எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கிறார், வந்து உட்காருகிறார், மறுபடி எழுகிறார். அத்தை மடியில் பிளாஸ்க். (அத்தை = அப்பாவின் அக்கா, ஆம்பூர். எங்களுக்குச் சமைத்துப் போட வந்திருக்கிறாள்.)

அம்மா உள்ளே.

நடப்பதை எனக்காகத் தெளிவாக எழுதி வைக்கிறேன். வலது நுரையீரலின் மேல் மடலில் ஒரு கட்டி. புற்றுநோய். சின்னது, வேறெங்கும் போனதாகத் தெரியவில்லை. விடாத இருமலுக்குப் படம் எடுத்தபோது அகப்பட்டது. அம்மா பீடி சிகரெட் தொட்டவள் இல்லை. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு பி.ஜி. ஹாஸ்டலில் சமைக்கிறவள். அந்த மடலை இன்று எடுக்கிறார்கள். நெஞ்சைப் பிளந்து அல்ல. விலாப்பக்கம் மூன்று சிறிய துளை, ஒன்றில் கேமரா, மற்றவற்றில் நீளமான கருவிகள். டாக்டரம்மா டி.வி.யைப் பார்த்துக்கொண்டே அறுப்பார்.

நேற்று அவரிடம் நான் கேட்டவை:

அவ்வளவு பெரிய மடல் சின்னத் துளை வழியாக எப்படி வரும்? – காற்று போனால் சுருங்கிவிடும். உள்ளேயே ஒரு பையில் போட்டு இழுத்துவிடுவார்கள்.

ஏன் இந்த முறை? – விலா எலும்பை விரிக்க வேண்டாம். வலி குறைவு. மறுநாளே நடக்கலாம். சீக்கிரம் வீடு.

அறுக்கும்போது மூச்சு? – அந்தப் பக்கத்து நுரையீரலை நிறுத்தி வைத்துவிடுவார்கள். இன்னொன்று மட்டும் வேலை செய்யும்.

"ரொம்பக் கேள்வி கேப்பா மேடம், தப்பா நெனைக்காதீங்க" என்றார் அப்பா.

மூன்றாவது பதில்தான் மண்டைக்குள் சுற்றுகிறது. இந்த நிமிடம் அம்மாவில் ஒரு பாதி நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பக்கம் மட்டும் மூச்சுவிட்டுப் பார்த்தேன். முடியவில்லை.

மாலை: முடிந்தது. நல்லபடியாக. கண்ணாடி வழியாகப் பார்த்தோம். அம்மா தூக்கம். போர்வைக்கு அடியிலிருந்து ஒரு குழாய் இறங்கித் தரையில் இருக்கும் பிளாஸ்டிக் பாட்டிலுக்குப் போகிறது. பாட்டிலில் தண்ணீர். அம்மா மூச்சை இழுத்தால் குழாயில் தண்ணீர் ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது. அம்மாவின் நெஞ்சு அசைவது போர்வைக்குள் தெரியவே இல்லை. பாட்டில்தான் தனியாகத் தரையில் உட்கார்ந்து மூச்சு விடுகிறது.

ஜூலை 8, செவ்வாய்

மழை இல்லை, காற்று. அம்மா நடந்தாள். நிஜமாகவே மறுநாளே. பாட்டிலை அப்பா தூக்கிக்கொண்டு பின்னால் போனார், கல்யாணப் பெண்ணின் புடவை நுனியைப் பிடித்துக்கொண்டு போகிற மாதிரி. அதைச் சொன்னதும் அம்மா சிரித்தாள். பாட்டிலில் களக் களக் என்று குமிழி.

டாக்டரம்மா விளக்கம்: அறுத்துத் தைத்த ஓரத்தில் கொஞ்சம் காற்று கசிகிறது. அது நெஞ்சுக்குள் தங்கக்கூடாது என்றுதான் குழாய். தானாக மூடிக்கொள்ளும். அம்மா செய்ய வேண்டியது: நன்றாக இரும. ஆழமாக மூச்செடுக்க. நடக்க. பேச. சிரிக்க.

பக்கத்துக் கட்டிலில் ஓசூர்க்காரப் பாட்டியம்மா ஒருவர். அவருக்குக் கட்டி பெரியது, அதனால் பழைய முறையில் திறந்து செய்தார்கள். முதுகிலிருந்து மார்புக்கு அடி வரை நீளமாகத் தையல். கையைத் தூக்க முடியாது, மகள் தலை வாரிவிடுகிறாள். என் அம்மா தன் கொண்டையைத் தானே போட்டுக்கொள்வதை அவர் கண் கொட்டாமல் பார்த்தார்.

"எங்க, காட்டு பாக்கலாம்" என்றார். அம்மா காட்டினாள். மூன்று பிளாஸ்திரி.

"இவ்ளோதானா? இதுல இன்னா எடுத்திருக்கப் போறாங்க?"

அம்மா சிரித்தாள். அத்தை சிரிக்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

மூன்று நாளாகப் பள்ளி. கணக்கு டெஸ்ட் 20க்கு 14. நூலகத்தில் மனித உடல் பற்றிய படப்புத்தகம் எடுத்தேன். வலது நுரையீரலுக்கு மூன்று மடல், இடதுக்கு இரண்டு, ஏனென்றால் இதயத்துக்கு இடம் விட வேண்டும். இனி அம்மாவுக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு. சமமாகிவிட்டது என்று சொல்லலாம்.

சாயங்காலம் ஆஸ்பத்திரி. அம்மா பேசவே இல்லை. "தொண்ட வலிக்குதாம்மா?" தலையை மட்டும் ஆட்டினாள். குமிழி இன்னும் வருகிறது, ஆனால் மற்றதெல்லாம் நன்றாக இருப்பதால் நாளை பாட்டிலோடேயே வீட்டுக்குப் போகலாமாம்.

அத்தை அப்பாவைத் தூணுக்குப் பின்னால் கூப்பிட்டாள்.

"கூட்டினு போவச் சொல்ட்டாங்களா?"

"ஆமாக்கா. நாளைக்கு."

"வீட்டுக்கு?"

"பின்ன எங்கக்கா?"

அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சந்தோஷம் போல.

ஜூலை 12, சனி

வீடு. சந்தாபுராவில் வெயில், எங்கள் தெருவில் மட்டும் சேறு.

சிஸ்டர் சொன்ன விதிகள், கதவில் ஒட்டியிருக்கிறேன்:
பாட்டில் எப்போதும் நெஞ்சுக்குக் கீழே.
சாயக்கூடாது.
குழாய் மடங்கக்கூடாது, அடைக்கவே கூடாது.
மூன்று பந்து மெஷின், மணிக்கொரு தடவை.

(மூன்று பந்து: பிளாஸ்டிக் கூண்டில் மூன்று பந்து. எல்லோரும் 'ஊதுற மெஷின்' என்கிறார்கள். ஊதக்கூடாது, உறிஞ்ச வேண்டும். உறிஞ்சினால் பந்து மேலே எழும்.)

அக்கம்பக்கம் வந்து பார்த்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தை: "அதுக்குள்ளயா?" கீழ்வீட்டுக்காரர் மட்டும் கன்னடத்தில் அதையே சொன்னார். பிறகு எல்லாரும் பாட்டிலைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். எதற்கு என்னை?

அவர்கள் போனதும் அம்மா ஒரு துண்டை எடுத்துப் பாட்டில் மேல் போர்த்தினாள். குளிருகிற குழந்தைக்குப் போர்த்துவது போல, நாலு பக்கமும் செருகி.

ஜூலை 13, ஞாயிறு

மேகமூட்டம். அப்பாவுக்கு லீவு. (கம்பெனி கேப், நைட் ஷிஃப்ட், மற்ற நாளெல்லாம் பகலில் தூக்கம்.)

பந்து: ஆஸ்பத்திரியில் இரண்டு எழும்பியது. இன்று ஒன்றுகூட முழுசாக இல்லை. அம்மா முயற்சியே செய்யவில்லை என்று தோன்றுகிறது. உதட்டை வைக்கிறாள், எடுத்துவிடுகிறாள்.

படிப்பது போல் உட்கார்ந்து கவனித்தேன். அம்மா நாற்காலியில் நேராக, அசையாமல். மூச்சை மூக்கு நுனி வரைதான் எடுக்கிறாள். எடுத்ததை வைத்துக்கொள்கிறாள். வைத்துக்கொண்டே இருக்கிறாள். பிறகு துளி துளியாக விடுகிறாள். தண்ணீர் வராத நாளில் குடத்திலிருந்து டம்ளரில் ஊற்றுவோமே, அப்படி. துண்டுக்குள் குமிழிச் சத்தம் கேட்டால் கண்ணை மூடிக்கொள்கிறாள்.

இருமல் வந்தது. விழுங்கினாள். கண்ணில் நீர். பக்கத்தில் அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அடக்கு. அடக்கிக்கோ. ஆங், அவ்ளோதான்" என்றாள், ரொம்ப மெதுவாக.

"இரும சொல்லியிருக்காங்க அத்த."

"நீ படி கண்ணு. உனக்கு ஒண்ணும் தெரியாது."

அப்பா ஃபோனோடு ஓடி வந்தார். எடுத்த மடலின் ரிப்போர்ட். ஓரங்கள் சுத்தம், நெறிக்கட்டிகளில் எதுவும் இல்லை, பரவவில்லை. அப்பா படிக்கப் படிக்கக் குரல் உடைந்தது.

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு நாளில் அவள் பேசிய முதல் முழு வாக்கியம்:

"நல்லா பொய் சொல்லக் கத்துக்கிட்டீங்க."

ஜூலை 14, திங்கள்

பள்ளியிலிருந்து வரும்போது அம்மா அத்தைக்கு வீட்டைக் காட்டிக்கொண்டிருந்தாள். விரலால், சைகையால், முடியாதபோது ஒரு சொல்லால். பருப்பு டப்பா. கேஸ் புக். அப்பாவின் யூனிஃபார்ம் இஸ்திரிக்குப் போடும் கடை. "மித்ராவுக்குத் தயிர் ஆவாது." அத்தை எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

நான் இங்கேதான் நிற்கிறேன், எனக்குத் தயிர் ஆகாது என்பதை நானே சொல்ல மாட்டேனா?

பிறகு அம்மா தன் தோட்டைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். "போட்டுப் பாரு." போட்டேன். ரொம்ப நேரம் பார்த்தாள். கண்ணாடியில் பார்க்கலாமென்று போனால் எனக்கு என்னவோ போல் இருந்தது. கழற்றிவிட்டேன்.

நல்ல செய்தி ஒன்று: பாட்டில் சத்தம் நின்றுவிட்டது. துண்டு பக்கம் காதை வைத்துக் கேட்டேன். ஒன்றுமே இல்லை. காற்றுக் கசிவு மூடிவிட்டது. அப்பாவுக்கு ஃபோனில் சொன்னேன். நாளை குழாயை எடுத்துவிடுவார்கள் என்று நினைக்கிறேன்.

ச.அ. (சமூக அறிவியல்) பாடம் இரண்டு படிக்க வேண்டும். படிக்கவில்லை.

ஜூலை 16, புதன்

நேற்று எழுத முடியவில்லை. இப்போது ஆஸ்பத்திரி வராந்தா. வெளியே என்ன வானிலை என்று தெரியவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

நேற்று பள்ளி முடிந்து வந்தேன். அத்தை வாசலில் நின்றுகொண்டிருந்தாள், வீட்டுக்கு வெளியே. "உள்ள போவாத கண்ணு" என்றாள். முகம் வெளுத்திருந்தது.

"அம்மா எங்க?"

"உள்ள இருக்கறது உங்கம்மா இல்ல."

போனேன். ஜன்னல் பக்கம் திரும்பி அதே நாற்காலியில் அம்மா. பின்னாலிருந்து பார்க்க எப்போதும் போல்தான், கழுத்து மட்டும் தடித்திருந்தது. "வந்துட்டியா" என்றாள். அந்தக் குரல் அம்மாவுடையது இல்லை. மெலிந்து, மூக்கு வழியாக, ஒரு சின்னப் பெண் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி.

திரும்பினாள். கன்னம் உப்பி, கழுத்தும் தாடையும் ஒன்றாகி, கண்கள் வெறும் கோடாக. யாரோ அம்மாவை உள்ளிருந்து ஊதிவிட்டது போல. நான் ஓடவில்லை. ஏன் என்று தெரியவில்லை. கிட்டே போய்க் கழுத்தைத் தொட்டேன். தோலுக்கு அடியில் நறநறவென்று நொறுங்கியது, பிளாஸ்டிக் கவருக்குள் பொரி இருந்தால் நொறுங்குமே, அப்படி. விரலை நகர்த்தினால் அதுவும் நகர்ந்தது.

"பாட்டில் நின்னுடிச்சி பாத்தியா" என்றது அந்தக் குரல், பெருமையாக. "ஒரு நாளா ஒரு சொட்டு வெளிய போவல."

துண்டை எடுத்தேன். குழாயை இரண்டாக மடக்கித் துணி காயப்போடும் கிளிப். ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு.

இரண்டையும் எடுத்தேன். பாட்டில் கொதித்தது. பொங்கல் பானை மாதிரி, அடங்கவே இல்லை. அம்மா கிளிப்புக்காகக் கையை நீட்டினாள். அந்தக் கோட்டுக் கண்களிலிருந்து தண்ணீர். "போடு. போடுடீ. எல்லாம் போவுது."

அவள் இரண்டு கையையும் என் முழங்காலுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு வார்டு நம்பருக்கு அடித்தேன். சிஸ்டரிடம் கன்னடத்தில் சொன்னேன், தமிழில் சொன்னேன், என்ன சொன்னேனோ. "கிளிப் எடுத்தாச்சா? மறுபடி போட விடாத. ஈகலே பன்னி" என்றாள். அதாவது, இப்பொழுதே வாருங்கள். தூங்கிக்கொண்டிருந்த அப்பாவை எழுப்பினேன். கம்பெனி கேபிலேயே போனோம். வழியெல்லாம் பாட்டில் என் காலடியில். வழியெல்லாம் அது பேசிக்கொண்டே வந்தது.

டாக்டரம்மா: குழாயை அடைத்ததால் வெளியே போக வேண்டிய காற்று தோலுக்கு அடியில் ஏறியிருக்கிறது. பார்க்கத்தான் பயங்கரம், சில நாளில் வடிந்துவிடும். ஆனால் இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் இதயத்தையே நெருக்கியிருக்கும். "யாரும்மா கிளிப் போட்டது?" அம்மா வாயை இறுக மூடிக்கொண்டிருந்தாள், மூச்சைப் பிடித்து.

இன்று காலை வராந்தாவில் அப்பா அத்தையைக் கேட்டார். கோபமாக இல்லை, களைத்துப்போய். நான் பக்கத்தில்.

"அவ ஏன்க்கா இப்பிடிப் பண்ணா?"

அத்தை தரையைப் பார்த்துக்கொண்டே: "எங்கிட்ட எதுக்குடா மறைக்கிற? எனக்கு அன்னிக்கே தெரியும். இங்கயே சொல்ட்டாங்க."

"யாரு? இன்னான்னு?"

"பாட்டில் தண்ணிய ஊத்த வர்ற ஆயா. அத உத்து உத்துப் பாத்துட்டு, உசிரு சோருதுன்னு சொன்னா. பட்டுனு அடிச்ச மாதிரி ஆய்டுச்சி எனக்கு. அடுத்த நாளே வீட்டுக்குக் கூட்டினு போங்கறாங்க. நம்ம ஊருல பெரியாஸ்பத்திரில கூட்டினு போன்னா இன்னா அர்த்தம்? எனக்குத் தெரியாதா?"

"நீ அவகிட்ட சொன்னியா?"

"அவளுக்குத் தெரிய வேணாமா? புள்ள பெத்தவ. நாலு வார்த்த சொல்லி வெச்சிட்டுப் போவ வேணாமா?"

நான் கேட்டேன்: "அத்த, ஆயா எந்த பாஷைல சொன்னா?"

"எந்த பாஷைலயோ. உசிருன்னா உசிருதான?"

இல்லை. 'இன்னூ உசிரு சோர்தா இதெ.' ஆயா இதைத்தான் சொல்லியிருப்பாள். கன்னடத்தில் உசிரு என்றால் மூச்சு. மூச்சு இன்னும் கசிகிறது என்றிருக்கிறாள், அவ்வளவுதான். டாக்டரம்மா சொன்ன அதே காற்றுக் கசிவு.

"சரி, அது மூச்சு. சோருதுன்னா ஒழுவுறதுதான?" என்றாள் அத்தை. "மாடி டேங்க் சோருதுன்னு நீதான கண்ணு எனக்குச் சொல்லிக் குடுத்த."

நான்தான். வந்த வாரமே. அத்தைக்குத் தெரிந்த ஒரே கன்னடச் சொல், நான் கொடுத்தது. மற்றொன்றை, உசிரை, தமிழ் என்று நினைத்துத் தானே போட்டுக்கொண்டாள். ஆயா அதற்குப் பதில் 'காளி சோர்தா இதெ' என்று சொல்லியிருக்கலாம். காற்றுக்கு அதுதான் வழக்கமான சொல். அத்தை அதற்கு வேறு மாதிரி பயந்திருப்பாள்.

அப்பா சிரிக்க ஆரம்பித்தார். சத்தமில்லாமல், தோள் குலுங்க. பார்த்தால் அழுகை.

ஜூலை 17, வியாழன்

மழை. அம்மாவிடம் நான்தான் சொன்னேன். முகம் கொஞ்சம் வடிந்திருக்கிறது, ஒரு கண் பாதி திறக்கிறது. முழுவதும் கேட்டாள். அம்மா இந்த ஊரிலேயே, விவேக் நகரில், பிறந்து வளர்ந்தவள், கன்னடம் எங்களைவிட நன்றாகப் பேசுவாள்.

"கன்னடத்துலயா சொன்னா?"

"ஆமாம்மா."

"உங்க அத்த எங்கிட்ட தமிழ்ல இல்ல சொன்னாங்க."

ஜன்னலைப் பார்த்தாள். எனக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றியது. பந்து மெஷினைக் கொடுத்தேன். உதட்டில் வைத்தாள். உறிஞ்சவில்லை. கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"புரியுதுடீ. இரும போனா உள்ள ஏதோ ஒண்ணு பிடிச்சுக்குது. வுடாதங்குது."

"எது?"

"தெரியல." பாட்டிலைக் காட்டினாள். "அது என்னையே பாத்துக்கினு இருக்குது."

நானும் பார்த்தேன். தண்ணீர் ஏறியது, இறங்கியது. ஒரு குமிழி வந்து மேலே நின்று, உடையாமல் இருந்தது. பிறகு உடைந்தது.

டாக்டரம்மா அப்பாவிடம் சொன்னதை ஒளிந்து நின்று கேட்டேன். நுரையீரல் விரிந்து நெஞ்சுச் சுவரில் போய் ஒட்டினால்தான் கசிவு மூடும். விரிய வேண்டுமென்றால் அவர் ஆழமாக மூச்செடுக்க வேண்டும், இரும வேண்டும். இப்படியே அடக்கிக்கொண்டிருந்தால் சளி கட்டும், காய்ச்சல் வரும். "ரெண்டு நாள் பாப்போம். இல்லாட்டி திரும்ப உள்ள போகணும். அப்போ சின்ன துளையில முடியும்னு நான் வாக்குக் கொடுக்க முடியாது."

பக்கத்துக் கட்டில் பாட்டியம்மாவின் முதுகு ஞாபகம் வந்தது.

ஜூலை 18, வெள்ளி

பள்ளிக்குப் போகவில்லை. அப்பாவும் ஷிஃப்டுக்குப் போகவில்லை.

முயன்றவை: தலையணையை விலாவில் அணைத்துக்கொண்டு இருமுவது – இல்லை. மெழுகுவத்தி அணைப்பதாக நினைத்து ஊதுவது – இல்லை. அப்பாவின் ஜோக் (மேனேஜரும் டோல்கேட்டும்) – இல்லை. பாட்டிலைக் கட்டிலுக்கு அடியில் மறைத்தேன். அம்மாவின் கண் கட்டிலைத் துளைத்துக்கொண்டு அங்கேயே போனது.

அம்மாவுக்கு லேசாகக் காய்ச்சல். உதடு காய்ந்திருக்கிறது. மத்தியானம் தூங்கினாள், தூக்கத்திலும் மூச்சைப் பிடித்து வைத்திருந்தாள். ஒரு மூச்சுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் அவ்வளவு இடைவெளி. அந்த இடைவெளியில் பாட்டில் தண்ணீர் ஆடாமல் நின்றது. நானும் மூச்சை விடாமல் இருந்தேன். எனக்கு முடியாமல் போனது, அவளுக்கு முடிந்தது.

ஜூலை 19, சனி

அத்தை மன்னிப்புக் கேட்க வந்தாள். வர வேண்டாம் என்று அப்பா தடுத்தும் கேட்கவில்லை. கையில் ரசம், தூக்குச் சட்டியில். கட்டில் பக்கத்தில் நின்று, முந்தானையைத் திருகி:

"நான் இன்னா கண்டேன் ஜெயா. ஏதோ தெரிஞ்சத சொன்னேன். உன் நல்லதுக்குத்தான."

அம்மா திரும்பினாள். அந்த மெலிந்த குரலில் ஆரம்பித்தாள், மெதுவாகத்தான்.

"நல்லதுக்கா?"

"பின்ன?"

"நான் செத்துடுவேன்னு எங்கிட்டயே வந்து சொல்றது நல்லதுக்கா அண்ணி?"

"அது வந்து..."

"பருப்பு டப்பா எங்கன்னு காட்டினேன் உங்களுக்கு. எம் பொண்ணுக்குத் தோட்டக் கழட்டிக் குடுத்தேன். இந்த மனுசனோட சட்ட எந்தக் கடைன்னு சொன்னேன். தலைய ஆட்டி ஆட்டிக் கேட்டீங்களே. ஒருத்தர், ஒரு டாக்டர், ஒரு சிஸ்டர், யாரையாச்சும் ஒரு வார்த்த கேட்டீங்களா? எம் பொண்ணு கன்னடத்துல கட்டுர எழுதறா, அவளக் கேட்டீங்களா?" குரல் ஏறிக்கொண்டே போனது. நடுவில் மூச்சு வேண்டியிருந்தது, இழுத்தாள். பெரிதாக. தெரியாமலே. "கல்யாணம் ஆன நாள்லேருந்து பாக்கறேன். நான் ஒரு கொழம்பு வெச்சா அதுல உப்பு இல்லன்னு சொல்லத் தெரியும். பேபே-ன்னு மொழி தெரியாத ஊருல வந்து..."

இருமல் வந்தது. அடக்கவில்லை, திட்டுவதற்குக் குறுக்கே வந்ததால் எரிச்சலோடு அதை வெளியே தள்ளினாள். பாட்டில் குபுகுபுவென்று பொங்கியது. அத்தை அலறாத குறை.

"போவுது ஜெயா, போவுது, நிறுத்து."

"போவட்டும்" என்றாள் அம்மா. மறுபடி இருமினாள். "போவட்டும். உங்களத் திட்டாம வெச்சிக்கினு நான் இன்னா பண்ணப் போறேன்?"

சிஸ்டர் வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை. அப்பா அத்தையின் தோளைப் பிடித்து, "இரு அக்கா, போவாத, வாங்கிக்க" என்று காதில் சொன்னார். அத்தை நின்றாள். அழுதுகொண்டே நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். இருபது வருடத்துக் குழம்பு, ரேஷன் கார்டு, என் பெயர் சூட்டு விழாவுக்கு வராதது, எல்லாம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பாட்டில் பதில் சொன்னது. இவ்வளவு காற்று ஒரு மனுஷிக்குள் எங்கே இருந்தது என்று இருந்தது.

கடைசியில் அம்மா தலையணையில் சாய்ந்தாள். வியர்வை. நெஞ்சு ஏறி இறங்குவது போர்வைக்கு மேலேயே தெரிந்தது.

"அந்த ரசத்த ஊத்துங்க" என்றாள்.

ஜூலை 21, திங்கள்

லேசான வெயில். காய்ச்சல் இல்லை. அம்மாவின் முகம் கிட்டத்தட்ட அம்மாவின் முகம். பந்து: இரண்டு, ஒரு தடவை மூன்று. நேற்றெல்லாம் அத்தையைக் கூப்பிட்டு வைத்துத் திட்டினாள், மிச்சம் இருந்ததை. இன்று அத்தையே "இன்னா இன்னிக்கு ஒண்ணும் சொல்லல" என்று கேட்டாள்.

இன்று காலை பாட்டில் நின்றுவிட்டது. குழாயில் தண்ணீர் லேசாக ஆடுகிறது, குமிழி மட்டும் இல்லை. நான் முதலில் குழாயைத் தடவிப் பார்த்தேன், தரையிலிருந்து விலா வரை. கிளிப் இல்லை, மடிப்பு இல்லை.

டாக்டரம்மா: "இருமுங்க." அம்மா இருமினாள். ஒன்றுமில்லை. "இன்னும் பலமா." ஒன்றுமில்லை. தண்ணீர் தெளிவாக, குளம் மாதிரி.

எல்லாரும் சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை. பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள், முகத்தில் ரத்தம் இல்லை. பிறகு ரொம்பச் சின்னக் குரலில் டாக்டரம்மாவைக் கேட்டாள்:

"தீந்துபோச்சா?"

அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அத்தைக்கும் புரிந்தது, அத்தைதான் முன்னால் போய், அம்மாவின் மூக்குக்குக் கீழே புறங்கையை வைத்தாள். வைத்துக்கொண்டே நின்றாள்.

"வருது ஜெயா" என்றாள். "சூடா வருது."

ஜூலை 23, புதன்

குழாய் எடுத்தாகிவிட்டது. எடுக்கும்போது மூச்சைப் பிடிக்கச் சொன்னார்களாம். "அது எனக்கு நல்லா வரும்" என்றாளாம் அம்மா.

வீடு. அத்தை நாளை ஆம்பூர். கணக்கு நோட்டு காட்ட வேண்டும், ச.அ. மூன்று பாடம் பாக்கி.

தூறல் நின்று தெருவே அமைதி. அம்மா உள்ளறையில் படுத்திருக்கிறாள். இத்தனை நாள் அவள் இருக்கிறாள் என்பதற்கு அந்தக் களக் சத்தம் இருந்தது. இப்போது ஒன்றுமில்லை. இரண்டு வரி படித்தேன், எழுந்து போய்க் கதவோரம் நின்றேன். போர்வை அசைகிறதா என்று தெரியவில்லை.

"இன்னா பாக்கற?" கண்ணைத் திறக்காமலே.

"ஒண்ணுமில்லம்மா."

"இருக்கேன். போய்ப் படி."

வந்து உட்கார்ந்தேன். ஒரு வரி. மறுபடி எழுந்திருக்கலாமா என்று நினைக்கும்போது உள்ளேயிருந்து மூச்சுச் சத்தம். நீளமாக இழுத்து, வேண்டுமென்றே பெரிதாக விடுகிறாள். தூங்குகிறவர்கள் அப்படி விட மாட்டார்கள். இங்கே மேசை வரை கேட்கிறது.